பிராங்க்ளினின் அந்தப் புகழ்பெற்ற வரி: எல்லைக் கோட்டைக்கு யார் பணம் கொடுப்பது?

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் முகம், பக்கத்தில் ஒரு வரி: "கொஞ்ச நாள் பாதுகாப்பை வாங்குவதற்காக அடிப்படைச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பவர்கள் சுதந்திரத்துக்கும் தகுதியற்றவர்கள், பாதுகாப்புக்கும் தகுதியற்றவர்கள்." கண்காணிப்புக் கேமரா, ஆதார், ஒட்டுக்கேட்பு என்று எந்தப் பேச்சு வந்தாலும் யாராவது இதைப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். போன மாதம் இது எங்கே, எதற்காக எழுதப்பட்டது என்று தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது ஒரு வரித் தகராறில் எழுதப்பட்ட வாசகம். தேதி 1755 நவம்பர் 11. இடம் பிலடெல்பியா. அன்று அமெரிக்காவில் ஒரு பிரிட்டிஷ் குடியேற்ற மாகாணமாக இருந்த பென்சில்வேனியாவின் சட்டசபை, ஆளுநர் ராபர்ட் ஹண்டர் மோரிஸுக்கு அனுப்பிய பதிலில் வருகிறது. எழுதிக் கொடுத்தவர் பிராங்க்ளின்.

பின்னணி இதுதான். அந்த ஆண்டு ஜூலை 9ஆம் தேதி மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் ஜெனரல் பிராடக்கின் பிரிட்டிஷ் படை பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு இருந்த பூர்வகுடி வீரர்களிடமும் தோற்றது. படையில் பாதிக்கு மேல் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். பிராடக்கும் சில நாளில் இறந்தார். அவருக்கு அடுத்து பொறுப்பேற்ற கர்னல் டன்பர், மிச்சப் படையை எல்லையில் நிறுத்தாமல் நேராக பிலடெல்பியாவுக்கு நடத்திப்போனார். கோடைக்காலத்திலேயே குளிர்கால முகாம் தேடிப் போன படை அது. மேற்கே மலையடிவாரத்தில் குடியேறியிருந்த ஜெர்மானியர்களுக்கும் ஸ்காட்ஸ்-ஐரிஷ் குடும்பங்களுக்கும் ஒரு கோட்டை கிடையாது, சம்பளம் வாங்கும் ஒரு சிப்பாய் கிடையாது. அக்டோபர் 16 அன்று பென்ஸ் கிரீக்கில் தாக்குதல் தொடங்கியது. வீடுகள் எரிந்தன, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பணம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சட்டசபை 50,000 பவுண்டு திரட்ட மசோதா போட்டது. எல்லா நிலத்துக்கும் வரி, அதில் மாகாணத்தின் உரிமையாளர்களான பென் குடும்பத்தின் நிலமும் சேர்த்தி. ஆளுநர் கையெழுத்திட மாட்டேன் என்றார். மாதக்கணக்கில் இழுத்தது. அந்த இழுபறியில் வந்த வாசகம்தான் இது. "வாங்குவதற்காக" என்ற சொல்லை நாம் உருவகமாகப் படிக்கிறோம். அங்கே அது நேர்ப்பொருளில், காசு கொடுத்து வாங்குவது.

என்னை உறுத்தியது அதற்கு முந்தைய வாக்கியம். எல்லையில் துன்பப்படும் ஏழைகள்மீது எங்களுக்கு மிகுந்த அக்கறை உண்டு, உரிமை கெடாத அளவுக்கு எல்லாம் செய்துவிட்டோம், அந்தத் துன்பத்துக்கு நடுவிலும் *அவர்களே* நாங்கள் இதற்கு மேல் போவதை விரும்பவில்லை என்று நம்புகிறோம், என்று சட்டசபை சொல்கிறது. எரிகிற வீட்டில் இருப்பவன் "உரிமைதான் முக்கியம், தண்ணீர் பிறகு வரட்டும்" என்று சொன்னதாக, ஊருக்குள் பத்திரமாக இருப்பவர்கள் எழுதுகிறார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் கடைசியில், நூற்றுக்கணக்கான ஜெர்மானியக் குடியேறிகள் பிலடெல்பியாவுக்கு நடந்தே வந்து, பாதுகாப்புக் கொடுங்கள் என்று ஆளுநரிடமும் சட்டசபையிடமும் நேரில் கேட்டார்கள்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சட்டசபை செய்தது சரியா?

---

செம்பருத்தி எழுதியது:

நல்ல இழை அண்ணா. ஒரு அடிப்படைக் கேள்வி. பென் குடும்பம் என்றால் யார்? ஒரு மாகாணத்துக்கு எப்படி ஒரு குடும்பம் உரிமையாளராக இருக்க முடியும்? அவர்களுக்கு வரி கிடையாது என்று சட்டமே இருந்ததா?

---

கொள்ளிடக்கரை எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

1681இல் அரசர் இரண்டாம் சார்லஸ் வில்லியம் பென்னுக்கு அந்த மொத்த நிலப்பரப்பையும் பட்டயம் போட்டுக் கொடுத்தார். பென் 1718இல் இறந்துவிட்டார். 1755இல் உரிமை அவருடைய மகன்களிடம், முக்கியமாக தாமஸ் பென்னிடம். அவர் 1741லேயே இங்கிலாந்து போனவர், அங்கிருந்தபடியே ஆண்டார். விற்காத நிலமெல்லாம் அவர்களுடையது. விற்ற நிலத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு நிலவாடகை அவர்களுக்குப் போகும். ஆளுநரை நியமிப்பதும் அவர்களே. அந்த ஆளுநர், எங்கள் நிலத்துக்கு வரி போடும் எந்த மசோதாவிலும் கையெழுத்திடக் கூடாது என்ற கட்டளையோடு, மீறினால் நஷ்டம் கட்டுவேன் என்று பிணைப்பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்.

பட்டயத்தில் வரிவிலக்கு என்று எதுவும் இல்லை. வெறும் கட்டளைதான்.

இந்தச் சண்டை ஒரே ஒரு சொல்லில் எப்படித் தொங்கியது என்று பிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்கிறார். மசோதாவில் "எல்லா நிலங்களுக்கும் வரி, உரிமையாளர்களின் நிலம் விலக்கு *அல்ல*" என்று இருந்தது. ஆளுநர் திருத்தி அனுப்பியது: "உரிமையாளர்களின் நிலம் *மட்டும்* விலக்கு." ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல் வைத்தார், அவ்வளவுதான். அதற்குள் எல்லையில் எத்தனை வீடு எரிந்தது!

---

பழங்கணக்கு எழுதியது:

முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தகராறு என்றால் இரண்டு பக்கக் கணக்கையும் பார்க்காமல் பேச மாட்டேன். தம்பி சட்டசபையைப் பாதி திட்டியிருக்கிறார், பாதி தாங்கியிருக்கிறார். பென் குடும்பத்தின் பக்கத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

முதலாவது, அவர்கள் கையில் இருந்ததில் பெரும்பகுதி காடு. விற்காத, அளக்காத, ஒரு காசு வருமானம் இல்லாத நிலம். அதற்கு யார் மதிப்புப் போடுவார்கள்? மக்கள் தேர்ந்தெடுக்கும் மதிப்பீட்டாளர்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் பென் குடும்பத்துக்கு ஒரு பங்கும் இல்லை. ஊரே சேர்ந்து, ஊரில் இல்லாத ஒருவரின் காட்டுக்கு மனம்போல மதிப்புப் போட்டால் சுமை முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிடலாமே என்று தாமஸ் பென் பயந்தார். அந்தப் பயத்தைப் பொய் என்று ஒதுக்க முடியவில்லை.

இரண்டாவது, இந்தச் சட்டசபையின் பழைய வரலாறு. அதில் பெரும்பான்மை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஆயுதம் தொடுவது பாவம் என்பது அவர்கள் மதக்கொள்கை. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புக்குப் பணம் என்றாலே நழுவுவார்கள். பிராங்க்ளினே சொல்லும் கதை ஒன்று: 1745இல் வெடிமருந்துக்குக் காசு கேட்டபோது, ரொட்டி, மாவு, கோதுமை, "மற்றும் இதர தானியம்" வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். அந்த இதர தானியம்தான் வெடிமருந்து என்று ஆளுநர் எடுத்துக்கொண்டார். 1755 போருக்குச் சில ஆண்டுகள் முன்பு தாமஸ் பென்னே, ஓஹாயோ பக்கம் ஒரு கோட்டை கட்ட 400 பவுண்டும் ஆண்டுப் பராமரிப்புக்கு 100 பவுண்டும் தருகிறேன் என்றார். சட்டசபை வேண்டாம் என்றது. அப்போது கட்டியிருந்தால் 1755இல் கதை வேறாக இருந்திருக்கலாம்.

ஆகவே, வரி நியாயத்தில் சட்டசபை சரி. ஆனால் "எங்களால் முடிந்ததெல்லாம் செய்துவிட்டோம்" என்று அவர்கள் எழுதியதைக் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

---

வடகரை வாசகி எழுதியது:

ஐயா, நீங்கள் இரண்டு பக்கக் கணக்கு என்கிறீர்கள். இந்தத் தகராறில் மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறது. எல்லை என்று எதைச் சொல்கிறோம்? யாருடைய நிலத்தில் போட்ட எல்லை?

1737இல் நடந்த "நடை ஒப்பந்தம்" பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை. டெலவேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பூர்வகுடிகள் லெனாபே மக்கள். டெலவேர் மக்கள் என்பதும் இவர்களைத்தான். 1686இல் எழுதியதாக ஒரு பழைய பத்திரத்தை பென்னின் மகன்கள் எடுத்துக் காட்டினார்கள். ஒரு ஆள் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை நிலம் எங்களுக்கு என்று அதில் இருந்ததாகச் சொன்னார்கள். லெனாபே நினைத்தது, வழியில் உட்கார்ந்து சாப்பிட்டு, புகை பிடித்து, ஆற்றோரமாக நடக்கும் சாதாரண நடை. இவர்கள் முன்கூட்டியே காட்டில் பாதை வெட்டி, மூன்று வேகமான ஆட்களைக் கூலி பேசி வைத்தார்கள். இரண்டு பேர் வழியிலேயே விழுந்துவிட்டார்கள். எட்வர்ட் மார்ஷல் என்பவர் மட்டும் ஏறக்குறைய 65 மைல் போய்ச் சேர்ந்தார். அதோடும் விடவில்லை. அங்கிருந்து ஆற்றுக்கு நேர்கோடு போடாமல் சாய்வாக ஒரு கோடு இழுத்து, இன்னும் பெரிய நிலத்தை வளைத்தார்கள். போக மறுத்த லெனாபே மக்களை 1742இல் இரோகுவா என்ற இன்னொரு பூர்வகுடிக் கூட்டமைப்பை வைத்து மிரட்டி வெளியேற்றினார்கள்.

இப்போது 1755க்கு வாருங்கள். முதலில் தாக்கியவர்கள் யார்? பெரும்பாலும் இதே டெலவேர் மக்கள், அவர்களோடு ஷானி மக்கள். முதலில் எரிந்த பென்ஸ் கிரீக் பகுதியும், 1754இல் ஆல்பனியில் இரோகுவாவிடம் பென் குடும்பம் வாங்கிய நிலம். அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமல் வாங்கியது. 1756 நவம்பரில் ஈஸ்டன் பேச்சுவார்த்தையில் டெலவேர் தலைவர் டீடியுஸ்கங் ஆளுநர் முகத்துக்கு நேரே சொன்னார், என் காலுக்குக் கீழே இருக்கும் இந்த மண்ணே என்னுடையது, மோசடி செய்து பிடுங்கிக்கொண்டீர்கள் என்று. ஈஸ்டன் ஊரே அந்த நடை ஒப்பந்த நிலத்தில்தான் இருக்கிறது.

அதனால் என் கேள்வி இது. நிலத்தை ஏமாற்றி எடுத்து, துண்டு போட்டு விற்று, லாபம் பார்த்தது ஒரு குடும்பம். அந்த ஏமாற்றத்தின் கோபம் வந்து விழுந்தது அதை விலை கொடுத்து வாங்கிய ஏழைக் குடியேறியின் கூரைமேல். காவல் செலவை முழுவதும் அந்தக் குடும்பமே கொடுத்திருக்க வேண்டாமா? "எங்களுக்கு விலக்கு" என்று கேட்க என்ன மனம் வேண்டும்?

---

கொள்ளிடக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவே முடியாது. அன்றைக்கே குவேக்கர்களில் சிலர் இதே வாதத்தை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பென் குடும்பத்தின்மீது இருந்த அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது, இருந்தாலும் வாதம் வாதம்தான்.

பழங்கணக்கு ஐயா, 400 பவுண்டு விஷயம் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்த "நன்கொடை"யையும் பாருங்கள். பிராடக் தோல்விச் செய்தி லண்டன் போனதும் தாமஸ் பென் 5,000 பவுண்டு தருவதாக எழுதினார். வரியாக இல்லை, தானாகக் கொடுக்கும் அன்பளிப்பாக. சட்டசபை அதை ஏற்று, நவம்பர் கடைசியில் பென் நிலத்துக்கு அந்த ஒரு தடவை விலக்குக் கொடுத்து 60,000 பவுண்டு மசோதாவை நிறைவேற்றியது. அந்த 5,000 எங்கிருந்து வர வேண்டும் தெரியுமா? குடியேறிகள் பாக்கி வைத்திருந்த நிலவாடகையிலிருந்து வசூலித்து எடுத்துக்கொள்ள வேண்டும்! கொடுத்தது அவர் பணப்பெட்டியிலிருந்து இல்லை. வசூலாக வேண்டிய பாக்கியைத்தான் அவர் தானமாக எழுதினார்.

அந்தப் பணத்தில்தான் மலைத்தொடர் நெடுக வரிசையாகச் சிறு கோட்டைகள் வந்தன. நவம்பர் 24 அன்று நாடன்ஹட்டனில் மொரேவிய கிறிஸ்தவப் பிரிவின் மதப்பணியாளர்கள் கொல்லப்பட்ட பிறகு, அதே இடத்துக்கு 1756 ஜனவரியில் பிராங்க்ளினே ஆட்களோடு போய் ஒரு கோட்டை கட்டினார். சுற்றளவு 455 அடி. ஒரு பைன் மரத்தில் 18 அடி நீளத்தில் மூன்று கூர்முனைக் கம்பங்கள். மழைக்கு நடுவில் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். பல மாதம் காகிதத்தில் சண்டை போட்டார்கள், கோட்டைக்குத் தேவைப்பட்டது ஒரு வாரம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

---

செம்பருத்தி எழுதியது:

சரி, கடைசியில் பென் குடும்பம் வரி கட்டியதா இல்லையா?

---

பழங்கணக்கு எழுதியது:

கட்டியது அம்மா. 1757இல் சட்டசபை பிராங்க்ளினை லண்டனுக்கு அனுப்பியது. உரிமையாளர்களிடம் நேரில் பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. இங்கே 1759இல் ஆளுநர் வில்லியம் டென்னி, சட்டசபையிடம் பணம் வாங்கிக்கொண்டு, பென் நிலத்துக்கும் வரி போடும் 1,00,000 பவுண்டு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். பென் குடும்பம் லண்டனில் மேல்முறையீடு செய்தது. 1760இல் பிரிவி கவுன்சில் என்ற அரசரின் ஆலோசனை சபையில் மான்ஸ்பீல்டு பிரபு பிராங்க்ளினைத் தனியே அழைத்து, அநியாயமாக மதிப்புப் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுத்தார். அளக்காத காட்டுக்கு வரி இல்லை, அளந்தும் பயிரிடாத நிலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பு என்று முடிவானது. நான் முன்பு சொன்ன அந்தப் பயத்துக்கு ஒரு பதில் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தொகை. பிராங்க்ளின் 1764இல் எழுதிக் காட்டிய கணக்குப்படி, 27,103 பவுண்டு வரியில் பென் குடும்பத்தின் பங்கு 566 பவுண்டு. நூற்றுக்கு இரண்டு வரும். இந்த எண்ணைப் பார்த்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சுமை முழுவதும் தலையில் விழும் என்று பயந்தவருக்கு வந்த ரசீது இது. அப்படியானால் இரண்டு பக்கமும் ஐந்து வருடம் தொகைக்காகச் சண்டை போடவில்லை. வரி போடும் அதிகாரம் யாருக்கு என்பதற்காகப் போட்டார்கள்.

---

நிலவறை எழுதியது:

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இதே சண்டை பிறகு ஒரு படி மேலே ஏறியது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த அந்தப் போர் முடிந்த பிறகு வட அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்த லண்டன் முடிவு செய்தது. செலவில் ஒரு பங்கைக் குடியேற்றங்கள் கொடுக்கட்டும் என்று 1764இல் சர்க்கரைச் சட்டம், 1765இல் முத்திரைத்தாள் சட்டம். 1766 பிப்ரவரியில் நாடாளுமன்றம் பிராங்க்ளினை விசாரித்தபோது அவர் சொன்ன கணக்கு: போரில் பென்சில்வேனியா மட்டும் சுமார் 5,00,000 பவுண்டு செலவழித்தது, திரும்பி வந்தது 60,000க்கு மேல் இல்லை. உங்களைக் காப்பாற்றினோம், பணம் கொடுங்கள் என்கிறது லண்டன். நாங்கள் ஏற்கெனவே கொடுத்தோம், அதுவும் எங்கள் சபையில் நாங்களே முடிவு செய்து கொடுத்தோம் என்கிறது பிலடெல்பியா. பென் குடும்பத்தோடு போட்ட சண்டையில் பழகிய கையைத்தான் பிராங்க்ளின் அங்கே பயன்படுத்தினார் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுக்கு வாருங்கள். இங்கே சண்டை போட ஒரு சபையே இல்லை. 1878 முதல் 1880 வரை நடந்த இரண்டாம் ஆப்கான் போரின் செலவுக்குப் பிரிட்டன் கொடுத்தது 50 லட்சம் பவுண்டு. பெரும்பங்கு இந்திய வருவாயில்தான் விழுந்தது. இந்தியாவின் எல்லைக்கு வெளியே நடக்கும் படையெடுப்புக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் இந்தியப் பணத்தை எடுக்கக் கூடாது என்று 1858 சட்டத்தின் 55ஆம் பிரிவு சொன்னது. ஒப்புதல் கொடுப்பது யார்? லண்டன்தான். எடுப்பவரே ஒப்புதலும் கொடுப்பார்.

இந்தியாவின் செலவுகளை விசாரிக்க 1895இல் அமைத்த வெல்பி ஆணையத்தில் தாதாபாய் நவ்ரோஜி ஓர் உறுப்பினர். வடமேற்கு எல்லைப் போர்கள் பேரரசின் நலனுக்காக நடப்பவை, பிரிட்டனும் பங்கு கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1897இல் அந்த ஆணையத்தின்முன் சாட்சி சொல்லச் சென்னையிலிருந்து போனவர், சுதேசமித்திரன் நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆப்கான் எல்லை எங்கே, தஞ்சாவூர் மிராசு எங்கே! ஆனால் நிலவரி ஒரே கருவூலத்துக்குத்தான் போனது. 1920இல் மெஸ்டன் தீர்ப்பு வந்தபோதும், மாகாணங்கள் மத்திய அரசுக்குக் கொடுக்க வேண்டிய 983 லட்சம் ரூபாயில் சென்னையின் பங்கு மட்டும் 348 லட்சம். எந்த மாகாணத்தையும் விட அதிகம். அந்த மத்திய அரசின் பெரிய செலவு ராணுவம்.

---

செம்பருத்தி எழுதியது:

பிரிட்டன் பிறகாவது கொடுத்ததா?

---

நிலவறை எழுதியது:

1933இல், இந்திய ராணுவச் செலவில் யாருக்கு எவ்வளவு என்று பார்த்த கர்ரான் நடுவர் குழுவுக்குப் பிறகு, ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். சுப்பிரமணிய ஐயர் சாட்சி சொல்லி 36 ஆண்டுகள் கழித்து. அவர் 1916லேயே இறந்துவிட்டார்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

நிலவறை, இந்த இந்திய விஷயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், நான் கட்டாயம் வருகிறேன். இங்கே ஒரு பாக்கி இருக்கிறது. எல்லையில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லி சட்டசபை எழுதியது என்றேன். அவர்களுக்கு அந்தச் சபையில் எத்தனை இடம் என்று தேடினேன். கிழக்கே பிலடெல்பியா, பக்ஸ், செஸ்டர் மாவட்டங்களுக்கும் பிலடெல்பியா நகரத்துக்கும் சேர்த்து 26 இடங்கள். லங்காஸ்டர், யார்க், கம்பர்லாந்து, பெர்க்ஸ், நார்தாம்ப்டன் ஆகிய ஐந்து எல்லை மாவட்டங்களுக்கும் சேர்த்து 10. "அவர்களே விரும்பவில்லை என்று நம்புகிறோம்" என்ற வாக்கியம் எப்படி வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

---

வடகரை வாசகி எழுதியது:

தம்பி, அந்த 26க்கும் 10க்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தில் புகாராக வைத்தவர்கள் யார் என்றும் சொல்லுங்கள். எல்லைக் குடியேறிகளின் பாக்ஸ்டன் கும்பல். 1764 பிப்ரவரியில் பிலடெல்பியாவை நோக்கி ஆயுதத்தோடு வந்து, ஜெர்மன்டவுனில் நிறுத்தப்பட்ட பிறகு அவர்கள் கொடுத்த மனுவில்தான் அது முதல் புகார். அதற்கு இரண்டு மாதம் முன்பு அதே ஆட்கள் கானஸ்டோகா என்ற பூர்வகுடிக் கிராமத்தில் 6 பேரைக் கொன்றார்கள். தப்பியவர்களைப் பாதுகாப்புக்காக லங்காஸ்டர் ஊரின் 'வொர்க்ஹவுஸ்' என்ற காவல் கூடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். டிசம்பர் 27 அன்று உள்ளே புகுந்து அந்த 14 பேரையும் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. அவர்கள் யாரோடும் போரில் இல்லை. வில்லியம் பென் செய்துகொடுத்த உடன்படிக்கையை நம்பி, துடைப்பமும் கூடையும் விற்றுப் பிழைத்தவர்கள்.

எல்லை மக்களின் துயரத்தை நானும் மதிக்கிறேன். அவர்களைக் காக்கக் காசு இல்லை என்றவர்கள், 1756 ஏப்ரலில் டெலவேர் மக்கள்மீது போர் அறிவித்தபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆணின் உச்சந்தலைத் தோலுக்கு 130 வெள்ளி நாணயம், பெண்ணின் தோலுக்கு 50 என்று விலை போட்டார்களே, அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? மனம் கேட்காமல் அந்த ஆண்டு சட்டசபையிலிருந்து விலகிய குவேக்கர்கள் ஆறு பேர்.

---

பழங்கணக்கு எழுதியது:

அம்மா, அந்தச் செலவு 60,000 பவுண்டு நிதியில் எந்தத் தலைப்பில் போனது என்று நானும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கானஸ்டோகா கொலைக்குப் பிறகு ஆளுநர் ஜான் பென், தாமஸ் பென்னின் தம்பி மகன், குற்றவாளிகளைப் பிடித்தால் பரிசு என்று அறிவித்தார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதே 1764இல் எல்லைப் பாதுகாப்புக்கு மறுபடியும் 50,000 பவுண்டு மசோதா வந்தது. ஜான் பென் மறுபடியும் நிறுத்தினார். காரணம், பென் குடும்பத்தின் பயிரிடாத நிலத்தில் மிக நல்லதற்கும், மற்றவர்களின் மிக மோசமான நிலத்துக்குப் போடும் வரியைத்தான் போட வேண்டும் என்ற நிபந்தனை. ஒன்பது வருடம் கழித்து, அதே மேசை, அதே தொகை.